இருமலுக்குக் கைதட்டியவர்கள்

மண்டபத்தில் இருந்த எல்லோரும் அழுதார்கள். மிட்வைஃப் மிஸ் மட்டும் அழவில்லை.

அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சமூக மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்து முடித்துவிட்டு, தொங்கு தராசைக் கழற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார் அவர். டவுன் பஸ் வர நேரம் இருந்தது. அதே மண்டபத்தில்தான் எங்கள் நாடக ஒத்திகையும் நடந்தது. “கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்க மிஸ்” என்று நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மேடையில் என் மதினி புவனா செத்துக்கொண்டிருந்தாள்.

சீனத்து மாளிகை ஒன்றின் பின்கட்டில், ஜன்னலோரம், பட்டுத்துணியில் ஒரு பூவைத் தைத்தபடி அவள் உயிர் பிரிய வேண்டும். இருமல் வரும். கைக்குட்டையை வாயில் பொத்துவாள். தோள் இரண்டு தரம் குலுங்கும். ஊசி விரலை விட்டு நழுவும். அவ்வளவுதான் காட்சி. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ ஒருத்தி கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். எல்லோரையும்விட அதிகம் தட்டியவள் நான்.

மிஸ் எழுந்து மேடைக்குப் போனார். சிங்களப் பெண். வருடக்கணக்காகத் தோட்டத்துக்கு வந்துபோய் எங்கள் பேச்சையே பேசப் பழகியவர். தங்கச்சி என்பதற்கு மட்டும் இன்னும் ‘நங்கி’தான்.

“நங்கி, எத்தன கிழமையா இந்த இருமல்?”

புவனா சிரித்தாள். “நாடகத்துக்காக இருமுறேன் மிஸ்.”

“வீட்டுல இருமுறது இல்லையா?”

“வீட்டுலயும் பழகிக்கிறேன்.”

“கொழுந்து எடுக்கிற நேரம்?”

புவனா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவள் பொய் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். தான் நாடகத்துக்காகத்தான் இருமுகிறோம் என்று அவள் மனதார நம்பியிருந்தாள். இரண்டு மாதமாக நாங்கள் அப்படிச் சொல்லிச் சொல்லியே நம்ப வைத்திருந்தோம். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மாஸ்டரின் சீனம்

எங்கள் நாடகக் குழுவின் பெருமைகளை நான் வாரா வாரம் அளந்துவிடுவதைப் படித்த வாசகி ஒருவர், “மேடை ஏறாமல் போன நாடகம் ஒன்றுகூட இல்லையா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கெட்டிக்காரி. ஒன்று இருக்கிறது. இத்தனை வாரமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

குழுவை நடத்தியவர் எங்கள் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கில ஆசிரியராக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். நல்ல மனுஷன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் எதற்கு என்று டவுனில் சிலர் பேசிய காலத்தில், மழையில் நனைந்துகொண்டே மேடேறி வந்து எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். அவரைத் திட்டப் போகிறேன் என்பதால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

மாஸ்டருக்குப் பழைய சீனக் கதைகள் என்றால் உயிர். ஆங்கிலத்தில் படித்துவிட்டு, ஒத்திகை இடைவேளையில் பிளேன்டீயை ஆற விட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுவார். அந்தக் கதைகளில் நாயகிகள் எல்லோரும் இளைத்திருப்பார்கள். முற்றத்தில் காற்றடித்தால் அவர்களுக்குக் காய்ச்சல் வரும். கவிதை எழுதுவார்கள், மருந்துக் கஷாயம் ஆறிப்போகும், கண்ணாடியில் முகம் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுவார்கள்.

“அந்தக் கதையளிலை நோய் எண்டது நாயகிக்கு ஒரு நகை மாதிரி, பிள்ளை” என்பார் மாஸ்டர். “நெத்தியிலை விழுற அந்தச் சுருக்கு, மெலிஞ்ச இடை, அடக்கி அடக்கி இருமிற இருமல், எல்லாத்திலையும் ஒரு வடிவு இருக்கு. இந்த உலகத்தின்ரை ஊத்தைக்குள்ளை வாழ ஏலாத அளவுக்கு மெல்லிய உயிர் எண்டு அதுக்குக் கருத்து. விளங்குதோ?”

எனக்கு விளங்கியது. விளங்கியதோடு நிற்காமல் மயங்கியும் போனேன். ஹட்டன் டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அப்போது எனக்கு வேலை. மாஸ்டர் நாலைந்து கதைகளைப் பிசைந்து ஒரு கதையாகச் சொல்ல, நான் அதை நாடகமாக எழுதினேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே, காகிதம் சூடாக வந்து விழ விழ எழுதினேன்.

நாயகி பெயர் யூலான். பெரிய அதிகாரி ஒருவரின் மாளிகைக்குப் பட்டில் பூத்தையல் போட வந்தவள். வீட்டு மகனுக்கு அவளைக் கட்டி வைப்பதாக வாக்குக் கொடுத்து, வசதியாக மறந்துவிடுகிறார்கள். அவள் இளைக்க இளைக்க அவள் தைக்கும் பூக்கள் இன்னும் நுணுக்கமாகின்றன. விருந்தாளிகள் வந்து பூவையும் பார்க்கிறார்கள், அவளையும் பார்க்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். வைத்தியர் ஒருமுறை வந்து, திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, மணிக்கட்டில் கட்டிய நூலைப் பிடித்து நாடி பார்க்கிறார். முதல் பனி விழுவதற்குள் செத்துப்போகிறாள்.

யூலான் வேஷத்துக்கு ஆள் தேடி அலையவில்லை. என் அண்ணன் பெண்சாதி புவனா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், முறைக்குத்தான் மதினி. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்க, அவள் கைப்பிள்ளையோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுடன் இருந்து கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்தியிருக்கும். பேச்சு மெதுவாக வரும். பின்னேரமானால் கன்னத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு ஏறும். அது காய்ச்சல் சிவப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் அதை முகக்களை என்றோம்.

முதல் நாள் அவள் மேடையில் நின்று பேசும்போது சின்னதாக ஓர் இருமல் வந்தது. மாஸ்டர் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

“உதுதான்! உதை விட்டுடாதையும் பிள்ளை. அப்பிடியே வைச்சுக்கொள்ளும்!”

அவள் அப்படியே வைத்துக்கொண்டாள்.

கைக்குட்டையைத் துவைத்தவள்

ஒரே வீட்டில் இருந்த உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் இருமலை யாரும் வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை. பனி என்போம், மழை என்போம், அடுப்புப் புகை என்போம், ஃபெக்டரியில் வேலை செய்தவர் என்றால் தேயிலைத் தூசி என்போம். லயத்தில் ஒரு காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் இன்னொருவர் பதில் இருமுவார். அதில் புவனாவின் இருமலுக்குத்தான் கலை என்று பெயர் கிடைத்தது. அவளும் பாவம், பிறந்ததிலிருந்து யாரும் அவளை எதற்காகவும் பாராட்டியதில்லை. பாராட்டு கிடைத்த ஒரே பொருளை அவள் ஏன் விடப்போகிறாள்?

மிஸ் சொல்லிப் போய், டிக்கோயா ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசநோய் என்று சொன்ன அன்று, நான் வெளி விறாந்தையில் உட்கார்ந்து என் நாடகப் பிரதியைப் புரட்டினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. யூலானின் கைக்குட்டையைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதன் வெண்மை, அதன் ஓரத் தையல், அதில் விழும் சிவப்புத் துளி எல்லாம் இருக்கிறது. அதைத் துவைத்தவள் யார்? ஒரு வரி இல்லை. அந்த மாளிகையில் தண்ணீர் இறைத்த, கஷாயம் காய்ச்சிய, எச்சில் கிண்ணத்தை எடுத்துக் கொட்டிய வேலைக்காரிகளும் இருமியிருப்பார்களே! அவர்கள் இருமலை எந்த விருந்தாளி நின்று ரசித்தான்?

ஜன்னலோரம் உட்கார்ந்து நோயாளியாக இருக்கக்கூட ஒரு ஜன்னல் வேண்டும். அதன் பக்கத்தில் உட்கார நேரம் வேண்டும். புவனாவுக்கு இரண்டும் இல்லை. காலையில் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கூடைக் கயிற்றோடு மலையேறியவள் அவள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் லயங்களில் சாவு விழுந்தால் பெண்கள் தோளோடு தோள் கோத்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவளின் அழகையும் அருமையையும் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் குரலை ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி ஏன் நேரத்துக்கு வரவில்லை? உடம்பு முடியாது என்று அவள் சொன்ன அன்று யார் அவளை வேலைக்கு விரட்டியது? புருஷன் எங்கே போயிருந்தான்? கேட்கப்பட வேண்டியவர்கள் அங்கேயேதான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், ஒரு பெண்ணைக் கேள்வியே இல்லாமல் சாகடித்து அதற்குப் பின்னணிக்குப் புல்லாங்குழலும் போட்டிருந்தேன்.

அந்தப் பழைய சீனத்துக் கதைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பிறகு சிலவற்றை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படித்துப் பார்த்தேன். நூறு பேர் வயிறாரச் சாப்பிடும் வீட்டில் ஒருத்தி மட்டும் இளைத்துக்கொண்டே போகிறாள் என்று எழுதியவர்கள், அந்த வீட்டைக் கூண்டில் ஏற்றத்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் அழகு ஏறுவதெல்லாம் அந்த வீட்டின் குற்றம் ஏறுவதற்காக. நாங்கள்தான் குற்றத்தை விட்டுவிட்டு அழகை மட்டும் வழித்துச் சாப்பிட்டோம். மாஸ்டரும் நானும்.

உடம்பு போட்ட நாயகி

புவனா மருந்தில் ஒழுங்காக இருந்தாள். தினமும் காலையில் பெரட்டுக்கு முன்னால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்கே இருப்பவரின் கண் முன்னாலேயே மாத்திரைகளை விழுங்க வேண்டும். முதல் வாரம், “புள்ள, ஒண்ணுக்கு செவப்பாப் போகுது, நான் செத்துருவேனா?” என்று கேட்டு என்னைக் கதிகலங்க வைத்தாள். மாத்திரைச் சாயம் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லிச் சிரித்த பிறகுதான் மூச்சு வந்தது. பிள்ளைக்கும் எங்களுக்கும் சோதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை.

மாஸ்டர் செய்தி கேட்டு அழுதார். பால்மா வாங்கிக்கொண்டு லயத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் நாடகம் போகவிருந்த மாகாணப் போட்டிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. இனித் தொற்றாது, போகலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு புவனா ஒத்திகைக்குத் திரும்பினாள்.

திரும்பியவள் வேறு ஆள். பசி வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு ரொட்டியைப் பிய்த்து அரையைப் பிள்ளைக்குக் கொடுப்பவள், இப்போது மூன்று ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தாள். கழுத்தெலும்பு மறைந்தது. குரல் தடித்தது. அவளுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. யூலானின் வெள்ளை அங்கி முதுகில் பூட்ட மாட்டேன் என்றது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “குறை நினையாதையும் பிள்ளை. முகம் கொஞ்சம் பூரிச்சுப்போச்சு. போட்டி முடியுமட்டும் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சால்…”

“மருந்து குடிச்சா பசிக்கிதுங்க மாஸ்டர்.”

“விளங்குது. ஆனால் கலை எண்டு வந்தால்…”

நான் அங்கியின் முதுகுத் தையலைப் பிரித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன். இப்போது நான் சொல்லப் போவதை என் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொன்னேன்: “ஒரு மாசந்தானே மதினி.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

“நான் செத்துப்போற மாதிரி இருந்தாத்தான் ஒங்களுக்கு நல்லாருக்கா?”

பதில் சொல்ல மாஸ்டருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவள் அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசியிருந்தால் எனக்கு இத்தனை வெட்கம் வந்திருக்காது.

ஏழு பேர்

யூலானுக்குப் புது ஆள் வேண்டும் என்று மாஸ்டர் தோட்டம் தோட்டமாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு பெண்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்தவர்கள், கொழுந்துக்குப் போகத் தொடங்கியவர்கள், டவுனில் துணிக்கடையில் நிற்பவர்கள். மண்டபத்துச் சுவரோரமாக வரிசையாக நிற்க வைத்தோம்.

மாஸ்டர் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசிப் பெண் கௌரி. பதினெட்டு வயது. வெளுத்த உதடு, பெரிய கண், கண்ணுக்குக் கீழே கருவளையம். “இவதான்” என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, குழந்தை மாதிரிச் சந்தோஷத்தோடு சொன்னார்:

“மேக்கப்பே தேவையில்லைப் பிள்ளை. உங்கட மலைநாட்டிலை இந்தப் பாத்திரத்துக்கு ஆள் பஞ்சமே இல்லை!”

அந்த வரிசையை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். ஏழு பேரும் ஒரே நிறம். ஏழு பேருக்கும் அதே கழுத்தெலும்பு.

“காலையில என்னா சாப்பிட்டீங்க?” என்று முதல் பெண்ணிடம் கேட்டேன்.

“தேத்தண்ணி.”

“நீ?”

“தேத்தண்ணிக்கா. சீனி போட்டது.”

“நீ?”

“ரொட்டி பாதி.”

“நீ?”

நாலாவது பெண் பதில் சொல்லாமல் சிரித்தாள்.

மாஸ்டர் சங்கடப்பட்டார். “பிள்ளை, கலை வேறை, வாழ்க்கை வேறை. ரெண்டையும் கலக்கக் கூடாது.”

“கலந்தது நாமதாங்க மாஸ்டர்!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்று மட்டும்தான். “இதுங்க ஒடம்ப எடுத்து மேடையில வச்சு வடிவு வடிவுன்னு சொன்னது நாமதான். பசியில வெளுத்த புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு நல்லது பொறுக்குறோமே, கொழுந்து நிறுக்கிற எடமா இது? இந்த நாடகத்த நான் எழுதுனேன். நான் சொல்றேன், இது வேணாம்.”

பிரதிகள் அனைத்தையும் மேசையிலிருந்து வாரிப் பையில் போட்டேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். வேஷம் யாருக்கு என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கூச்சல் கேட்டுப் புவனா வாசலில் வந்து நின்றிருந்தாள். உள்ளே வந்து அந்த ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். எங்களுக்கு மாதக்கணக்கில் எடுத்ததை அவள் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டாள்.

“திங்கக்கெழம காலையில ரோட்டுக்கு வந்துருங்கடி. டிக்கோயாவுக்குப் போவோம். ரத்தம் பாப்பாங்க, இருமல் இருந்தா சளி பாப்பாங்க. வலிக்காது. எந்த ஜன்னல்ல துண்டு குடுக்கணும், எங்க நிக்கணும்னு எல்லாம் எனக்குத் தெரியும்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள்: “வெறும் வயித்தோட வராதீங்க. என்னமாச்சும் சாப்புட்டு வாங்க.”

திங்கட்கிழமை

நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு ரோட்டில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆறு பேர் வந்தார்கள்.

கௌரி வரவில்லை. மாஸ்டர் “இவதான்” என்று கைகாட்டிய அதே பெண்.

“நீங்க முன்னாடி போங்க மதினி” என்று அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு, நான் தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்த மேல் கணக்கு லயத்துக்கு நடந்தேன். கௌரி வாசலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“ஏன் வரல?”

“ஆஸ்பத்திரிக்கிப் போனா மருந்து குடுப்பாங்கல்லக்கா.”

“குடுக்கட்டுமே.”

“புவனாக்கா மாதிரி ஒடம்பு போட்டுட்டா வேஷம் போயிரும்ல? மாஸ்டரு என்னையத்தான எடுத்தாரு. நான் அதுக்கப்பறம் போறேன்க்கா. நாடகம் முடியட்டும்.”

புவனா கேட்ட கேள்விக்கு அன்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்வியைக் காதால் கேட்டிராத இந்தப் பெண், நாங்கள் சொல்லாத பதிலைத் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். மருந்து குடித்தால் அழகு போய்விடும் என்று.

“வேஷம் இல்லடி” என்றேன். “நாடகமே இல்ல. அன்னைக்கே இல்லன்னு ஆயிருச்சு.”

“பொய் சொல்றீங்க.”

“எழுதுனவ நான். நான் சொல்றேன், இல்ல. செருப்ப மாட்டு.”

அவள் அழத் தொடங்கினாள். மூக்கு ஒழுகி, வாய் கோணி, மூச்சு முட்ட அழுதாள். ஒரு மேடையிலும் வைக்க முடியாத அழுகை. தன் வாழ்க்கையில் வந்த ஒரே நல்லதை நான் வந்து கெடுத்துவிட்டேன் என்றாள். பொறாமை பிடித்தவள் என்றாள். சொந்த மதினிக்குக் கிடைக்கவில்லை என்றதும் மற்றவளுக்கும் கிடைக்கவிடாமல் செய்கிறேன் என்றாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் திட்டத் திட்டக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த பஸ் வரும்வரை திட்டினாள். பஸ்ஸில் ஏறியும் திட்டினாள்.